பரங்கிமலைப் படிக்கட்டும் ஒரு உயிலும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் போனால் சுவரொட்டி படிக்கிற வழக்கம் உண்டா உங்களுக்கு? சினிமா போஸ்டரைச் சொல்லலைங்க. மரண அறிவிப்பு போஸ்டர். இந்தப் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய என்பதால் அதிலேயே ஒரு தனி தமிழ் இருக்கும். "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று ஒன்று. "மகிமைக்குள் பிரவேசித்தார்" என்று ஒன்று. கத்தோலிக்கர் வீடென்றால் "இறைவனில் துயில் கொண்டார்". ஒருத்தர் போஸ்டரிலும் "செத்துப்போனார்" என்று இருக்காது. தூங்குகிறார், இல்லைன்னா எங்கேயோ உள்ளே நுழைகிறார். இரண்டுமே, போகிறவர் ஏற்கெனவே கிளம்பத் தயாராக இருந்தார் என்கிற மாதிரி ஒரு தொனி.

ஆனால் நம்மில் பெரும்பாலோர் எப்படிச் சாக ஆசைப்படுகிறோம்? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "தூக்கத்திலேயே போயிடணும்பா. யாருக்கும் தொந்தரவு இல்லாம, நமக்கே தெரியாம." இது சாதி மத பேதமில்லாத வேண்டுதல் :-)

பழைய கிறிஸ்தவர்களின் வேண்டுதல் இதற்கு நேர் எதிர். கத்தோலிக்கர்களின் அர்ச்சிஷ்டவர்கள் பிரார்த்தனையில், எதிர்பாராமல், ஆயத்தமில்லாமல் வரும் சாவிலிருந்து காப்பாற்றும் என்று ஒரு மன்றாட்டு உண்டு. நாம் வரமாகக் கேட்பதை அவர்கள் ஆபத்தாக நினைத்தார்கள். சூசையப்பரை நல்ல மரணத்தின் பாதுகாவலர் என்பார்கள். இயேசுவும் மரியாளும் பக்கத்தில் இருக்க அவர் உயிர் பிரிந்தது என்பது மரபு. இப்போது "நோயில்பூசுதல்" என்கிற சடங்குக்கு பழைய ஆட்கள் வைத்திருந்த பெயர் "அவஸ்தைப்பூசுதல்". அந்தப் பெயரிலேயே எல்லாம் இருக்கு. அவஸ்தை இருக்கும், ஆனால் கூட ஆளும் இருக்கும், நேரமும் இருக்கும்.

அந்த 'நேரம்' என்கிற விஷயம்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நேரம் மட்டும் இருந்தவர்கள்

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரை யோசித்திருப்பார்கள் என்று தெரியாது. 1928-ல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து இங்கே காசநோயாளிகளுக்காக ஆரம்பித்த சானடோரியம்தான் பெயருக்குக் காரணம். இவர் அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தினவர். நம்ம கணிதமேதை ராமானுஜன் 1917-ல் அங்கே இவரிடம் சிகிச்சையில் இருந்திருக்கிறார். தாம்பரத்து சானடோரியத்தை 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளை மற்ற இடங்களில் தொடவே பயந்த காலத்தில் அவர்களுக்குக் கதவு திறந்ததும் இதே இடம்தான்.

ஸ்ட்ரெப்டோமைசின் 1940களில் வருகிற வரை காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, வெயில், சாப்பாடு, ஓய்வு. அவ்வளவுதான். சிலர் தேறினார்கள். பலர் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தன் சாவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்கள். பழைய கிறிஸ்தவர்கள் கேட்ட அந்த 'நேரம்' அவர்களுக்கு வேண்டிய மட்டும் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

புத்தகத்தில் சொன்ன வழி

இந்தக் கேள்விக்கு ஐரோப்பாவில் ஒரு கையேடே இருந்தது. 1347-ல் தொடங்கிய கொள்ளைநோயில் கொத்துக்கொத்தாக ஜனங்கள் செத்தார்கள். சாகிறவர் பக்கத்தில் போய் நின்ற குருமார்களும் செத்தார்கள். கடைசி நேரத்தில் சாமியார் வராமலே போகலாம் என்கிற நிலைமை எல்லோருக்கும் புரிந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் "ஆர்ஸ் மொரியெண்டி" என்று ஒரு நூல் வந்தது. லத்தீன். சாகும் கலை என்று அர்த்தம். படிக்கத் தெரியாதவர்களுக்காக மரக்கட்டையில் செதுக்கிய படங்களோடும் அச்சிட்டார்கள். சாகிறவனை ஐந்து சோதனைகள் வந்து பிடிக்கும் என்று அது பட்டியல் போட்டது: விசுவாசம் போவது, நம்பிக்கை இழப்பது, பொறுமை இழப்பது, 'நான் ரொம்ப நல்லவன்' என்கிற கர்வம், சொத்தை விட மனசு வராமை. நாலாவதைக் கவனிங்க. நல்லவனாக வாழ்ந்தவனுக்கென்றே வைத்த பொறி அது.

அப்புறம் 1519-ல் மார்ட்டின் லூதர் சாவுக்கு ஆயத்தப்படுவது பற்றி ஒரு சின்ன பிரசங்க நூல் எழுதினார். போப்போடு சண்டை ஆரம்பித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. சொர்க்கம் நரகம் என்று ஆரம்பிப்பார் என்று நினைத்து எடுத்தால், மனுஷன் முதல் விஷயமாகச் சொல்வது சொத்து! உன் சொத்து விவகாரத்தை ஒழுங்காக எழுதிவை, நீ போன பிறகு உறவுக்காரர்கள் அடித்துக்கொள்ளக் கூடாது என்கிறார். இரண்டாவது, மன்னிக்க வேண்டியவர்களை மன்னி, மன்னிப்பு கேட்க வேண்டியவர்களிடம் கேள். இந்த இரண்டும் முடிந்த பிறகுதான் கடவுள் பக்கம் திரும்பச் சொல்கிறார். சாவை அவர் பிரசவத்தோடு ஒப்பிடுகிறார். குழந்தை இருட்டான, குறுகலான இடத்திலிருந்து நெருக்கடியும் பயமுமாக வெளியே வருகிறது, வந்தால் விசாலமான உலகம். சாவும் அப்படி ஒரு குறுகல் வாசல்தான் என்கிறார். கடைசி நேரத்தில் உன் பாவத்தையோ உன் புண்ணியத்தையோ பார்த்துக்கொண்டிருக்காதே, கிறிஸ்துவை மட்டும் பார் என்பது அவர் முடிவு.

சரி, புத்தகம் இருக்கட்டும். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நம்ம ஊரில் இரண்டு பேரைப் பார்க்கலாம். ஒருத்தர் வியாபாரி, இன்னொருத்தர் மிஷனரி. ஒருவர் கட்டிய இடத்தில்தான் இன்னொருவர் வாழ்ந்தார்.

மலையும் மாளிகையும்

முதலில் பரங்கிமலை. அப்போஸ்தலர் தோமா கி.பி. 72-ல் இங்கே கொல்லப்பட்டார் என்பது மரபு. 1523-ல் போர்த்துக்கீசியர் மேலே ஒரு கோவில் கட்டினார்கள். 1547-ல் அங்கே பஹ்லவி எழுத்துகள் பொறித்த பழைய கல் சிலுவை ஒன்று கிடைத்தது. இன்றும் பீடத்தில் இருக்கிறது.

தோமாவைப் பற்றி சிரியாக் மொழியில் ஏறக்குறைய மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட "தோமாவின் பணிகள்" என்று ஒரு நூல் உண்டு. பைபிளில் சேராதது. அதில் ஒரு கதை. கொண்டோபாரஸ் என்கிற ராஜா அரண்மனை கட்டச் சொல்லி தோமாவிடம் பணம் கொடுக்கிறான். தோமா அவ்வளவையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். ராஜா வந்து "எங்கய்யா என் அரண்மனை?" என்கிறான். "கட்டியாச்சு, ஆனா இப்ப பார்க்க முடியாது, செத்த பிறகுதான் பார்க்கலாம்" என்று பதில். பிடித்து ஜெயிலில் போடுகிறான். (காண்ட்ராக்டர் இப்படிச் சொன்னால் நாமும் அதைத்தான் செய்வோம்.) அன்று ராத்திரி ராஜாவின் தம்பி செத்துப்போகிறான். மேலே போய்ப் பார்த்தால் பிரமாதமான மாளிகை ஒன்று நிற்கிறது, அது அண்ணனுடையது என்கிறார்கள். தம்பி திரும்ப உயிர் பெற்று வந்து அண்ணனிடம் அதை விலைக்குக் கேட்கிறான்!

கதை கதைதான். ஆனால் கொண்டோபாரஸ் என்கிற ராஜா நிஜம். வடமேற்கு இந்தியாவை ஆண்டவன், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவன் நாணயங்கள் கிடைத்தன. கதையின் சாரம் எளிமை. இங்கே அடுத்தவனுக்குக் கொடுத்தது அங்கே கட்டடமாக நிற்கும்.

கோஜா பெத்ரோஸ் உஸ்கான்

இந்த மலைக்கு 1724 வாக்கில் சென்னைக்கு வந்த ஒரு ஆர்மீனிய வியாபாரி மனசைக் கொடுத்தார். பெயர் கோஜா பெத்ரோஸ் உஸ்கான். பிறந்தது ஈரானில், இஸ்பஹான் பக்கத்தில் புதிய ஜுல்ஃபா என்கிற ஊரில். அந்த ஊரே இடம்பெயர்ந்தவர்களின் ஊர். 1604-ல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஆர்மீனியாவின் பழைய ஜுல்ஃபாவைக் காலி செய்து ஜனங்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம். பட்டு வியாபாரத்தில் அந்த ஜனங்கள் உலகம் முழுக்கப் போனார்கள். மதராசுக்கும் வந்தார்கள்.

உஸ்கான் பணம் குவித்தார். செலவும் செய்தார். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-ல் சொந்தக் காசில் ஒரு பாலம் கட்டினார். மர்மலாங் பாலம் என்பார்கள், மாம்பலம்தான் வெள்ளைக்காரன் வாயில் மர்மலாங் ஆனது என்று சொல்வதுண்டு. செலவு 30,000 வராகன் என்றும், பராமரிப்புக்கென்று தனியாக 1,500 வராகன் வைத்தார் என்றும் சொல்கிறார்கள். அந்தக் காலகட்டத்திலேயே பரங்கிமலைக்குக் கற்படிகளும் போட்டுக் கொடுத்தார். சுமார் 300 அடி உயரம், நூறுக்கு மேல் படிகள். அதுவரை யாத்திரை போனவர்கள் ஆற்றில் இறங்கிக் கடந்து, பாறையில் கைவைத்து ஏறியிருக்க வேண்டும்.

பாலம் கட்டுவது எப்படிங்க பக்தி ஆகும் என்று தோன்றலாம். மத்தியகால ஐரோப்பாவில் அது பெரிய புண்ணியம். பாலம் கட்டக் காசு கொடுத்தவர்களுக்கு பிஷப்புகள் பாவத்தண்டனையில் கழிவு கொடுத்தார்கள். உத்தரிக்கிற ஸ்தலத்தில் வாட வேண்டிய காலம் குறையும் என்று நம்பிக்கை. இந்த வியாபாரத்தைத்தான் லூதர் பின்னால் போட்டுக் கிழித்தார்.

நமக்கும் இது ஒன்றும் புதுசில்லை. சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். கர்ப்பமாக இருக்கும்போது ஒரு பெண் இறந்துபோனால், இறக்கி வைக்காத சுமையோடு போனாளே என்று, வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்க ரோட்டோரம் கல் நடுவார்கள். செத்தவளுக்காக உயிரோடிருப்பவன் கழுத்துக்கு ஒரு ஓய்வு. சத்திரம், தண்ணீர்ப்பந்தல், ஊருணி எல்லாம் இதே கணக்குதான். தன் சாவை யோசித்த மனுஷன் அடுத்தவன் காலையும் கழுத்தையும் தொண்டையையும் யோசித்திருக்கிறான். உஸ்கான் இந்த ஊருக்கு அந்நியர், ஆனால் அவர் செய்தது இந்த ஊருக்குப் புரிகிற தர்மம்.

எல்லாம் போனது

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மதராசைப் பிடித்தார்கள். உஸ்கானின் சொத்துகளைப் பறிமுதல் செய்தார்கள். பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்திருந்தால் மீண்டிருக்கும். அவர் சாயவில்லை, தரங்கம்பாடிக்குப் போய் இருந்தார். 1749-ல் ஒப்பந்தப்படி ஊர் இங்கிலீஷ்காரர்களிடம் திரும்ப வந்தது. இப்போது வேறு சிக்கல். கத்தோலிக்கர்கள் பிரெஞ்சுக்கு உளவு சொன்னார்கள் என்று கம்பெனிக்கு சந்தேகம். கோட்டைக்குள் அவர்கள் இருக்கக் கூடாது என்று உத்தரவு. கோட்டைக்குள் இருந்த கத்தோலிக்கக் கோவிலை இடித்தார்கள். ரோமன் சபையோடு ஒட்டி வாழ்ந்த உஸ்கானுக்கு மட்டும் பழைய விசுவாசத்துக்காக விலக்கு கொடுத்தார்கள். ஆனால் வேப்பேரியில் அவர் மாதாவுக்காகக் கட்டியிருந்த சிறு கோவிலுக்கு விலக்கு இல்லை.

1751 ஜனவரி 15-ல் உஸ்கான் இறந்தார். உடலை வேப்பேரியில் அந்தக் கோவில் வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். உயிலில் ஒரு விசித்திரமான வேண்டுகோள் வைத்திருந்தார். தன் இதயத்தை மட்டும் எடுத்து ஒரு பெட்டியில் வைத்து, பிறந்த ஊரான ஜுல்ஃபாவுக்கு அனுப்ப வேண்டும் என்று. அனுப்பினார்கள். கடல் தாண்டி, பாலைவனம் தாண்டி அந்த இதயம் ஊர் போய்ச் சேர்ந்தது.

இதயத்தைத் தனியாக அடக்கம் செய்வது கிறிஸ்தவ உலகில் பழைய வழக்கம். சாபென் என்கிற இசைக்கலைஞரின் உடல் பாரிசில், இதயம் வார்சாவில். 1873-ல் இறந்த லிவிங்ஸ்டனின் இதயத்தை ஆப்பிரிக்காவில் கூட இருந்தவர்கள் ஒரு மரத்தடியில் புதைத்துவிட்டு உடலை லண்டனுக்கு அனுப்பினார்கள். 1299-லேயே போப் எட்டாம் போனிஃபாஸ் உடலைக் கூறுபோடாதீர்கள் என்று தடை போட்டும் நிற்கவில்லை. நித்தியத்துக்கு எல்லாக் கணக்கும் முடித்த ஆளுக்கும் ஊர்ப்பாசம் மட்டும் கணக்கில் அடங்கவில்லை போல.

உஸ்கான் செத்த மறுவருஷம், 1752-ல், கம்பெனி அந்த வேப்பேரிக் கோவிலை புரோட்டஸ்டண்ட் மிஷனிடம் தூக்கிக் கொடுத்தது. எடுத்துக்கொண்டவர் பெயர் பப்ரீசியஸ்.

கடனாளியாகச் செத்தவர்

யோஹான் பிலிப் பப்ரீசியஸ் ஜெர்மானிய லூதரன். 1742-லிருந்து மதராசில் இருந்தவர். தமிழ் பைபிளைப் பல வருஷம் உட்கார்ந்து திருத்தித் திருத்தி எழுதினவர். ஜெர்மன் பாடல்களைத் தமிழாக்கினார். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்து வந்த அச்சு இயந்திரத்தை வேப்பேரியில் வைத்து நூல்கள் அச்சிட்டார். 1779-ல் வந்த அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி இன்றைக்கும் அகராதிக்காரர்கள் எடுத்துப் பார்க்கிற நூல். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எளிமையான மனுஷன்.

இப்படிப்பட்டவர் பண விஷயத்தில் மட்டும் மாட்டிக்கொண்டார். மிஷனுக்காகவும் மற்றவர்களுக்காகவும் கையில் வந்த பணத்தை வட்டிக்கு விட்டார். வாங்கினவர்கள் திருப்பித் தரவில்லை. கொடுத்தவர்கள் இவர் கழுத்தில் வந்து நின்றார்கள். வழக்கு, சிறை. வயசான காலத்தில், பைபிளைத் தமிழில் கொடுத்த அந்த மனுஷன் கடனுக்காக சிறையில் இருந்தார். 1788-ல் பொறுப்பிலிருந்து விலகி, 1791 ஜனவரியில் இறந்தார்.

இப்போது லூதரின் பட்டியலைத் திரும்ப எடுங்க. முதல் விஷயம் என்ன? சொத்து விவகாரத்தை ஒழுங்கு பண்ணு. அதைச் சுத்தமாகச் செய்து முடித்தவர் யார்? லூதரை ஏற்காத கோஷ்டியைச் சேர்ந்த உஸ்கான். அதைச் செய்ய முடியாமல் போனவர் யார்? லூதரின் சொந்த சீடர். அதுவும் உஸ்கானிடமிருந்து பிடுங்கிய கோவிலில் இருந்துகொண்டு!

அப்போ பப்ரீசியஸ் ஆயத்தமில்லாமல் செத்தாரா? எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. பக்தியைச் சொல்லி கடனைத் தள்ளுபடி பண்ணவும் மனசு வரவில்லை. கொடுத்து ஏமாந்தவனுக்கு அது நிஜப் பணம். ஆனால் லூதரே அந்த முதல் விஷயத்தை முதலில் வைத்தாரே தவிர, முடிவாக வைக்கவில்லை. கணக்கு நேராகாத ஆளும் கடைசியில் போய் நிற்க ஓர் இடம் உண்டு என்பதுதான் அந்தப் பிரசங்கத்தின் பாக்கிப் பகுதி முழுக்க. அந்தப் பாக்கிப் பகுதி யாருக்காவது தேவைப்பட்டது என்றால் அது பப்ரீசியஸுக்கு. உஸ்கானுக்கு வேறு ஆபத்து. 'நான் இவ்வளவு செய்தேனே' என்கிற அந்த நாலாவது சோதனை. இருபத்தைந்து வருஷத்தில் கட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக இழந்தது அவரை அதிலிருந்து காப்பாற்றியதோ என்னவோ.

மிஞ்சியதைப் பார்த்தால் வேடிக்கை. உஸ்கானின் பாலம் இப்போது இல்லை. அதே இடத்தில் மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. 1726-ன் கல்வெட்டு மட்டும் பக்கத்தில். அவர் கோவில் கைமாறி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுக் கட்டடமாகி, இன்றைக்கு தென்னிந்தியத் திருச்சபையின் பரிசுத்த மத்தியாஸ் ஆலயம். கல்லறை அங்கேயே இருக்கிறது. கத்தோலிக்கர் ஒருவர் இருநூற்று எழுபது வருஷத்துக்கு மேலாகப் புரோட்டஸ்டண்ட் வளாகத்தில் நித்திரை செய்கிறார். பப்ரீசியஸின் பணம் போன இடம் தெரியாது, ஆனால் செத்தவர் தூங்குகிறார் என்று தமிழில் சொல்லப் பழக்கியவர்களில் அவரும் ஒருத்தர். தாம்பரத்துப் போஸ்டர் தமிழில் அவருக்கும் பங்குண்டு.

சரி, நமக்கென்ன?

நித்தியம் உண்டா இல்லையா என்று இங்கே சண்டை வேண்டாம். நம்பாதவர்களுக்கும் அந்தப் பட்டியலின் முதல் இரண்டு வரி செல்லும். நாற்பது வயசைத் தாண்டினவர்களே, உங்களில் எத்தனை பேர் உயில் எழுதியிருக்கிறீர்கள்? வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு அவர்களும் போட்டால் செல்லும். பதிவு செய்தால் நல்லது, கட்டாயமில்லை. இன்சூரன்ஸ் பத்திரம் எந்த பீரோவில், வங்கிக் கணக்கு எதில் எதில், யாருக்கு எவ்வளவு தரணும் என்று வீட்டில் இன்னொருத்தருக்குத் தெரியுமா? "அபசகுனமா பேசாதே" என்று நம் வீடுகளில் வாயை அடைப்பதால்தான் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அண்ணன் தம்பி வக்கீலைத் தேடுகிறார்கள்.

இரண்டாவது வரி இன்னும் கஷ்டம். பேசாமல் இருக்கிற அந்த ஒருத்தருக்குப் போன் போடுவது. உயிலுக்கு ஒரு மத்தியானம் போதும். இதற்கு சில பேருக்கு இருபது வருஷம் போதவில்லை.

மூன்றாவதை லூதர் பட்டியலில் நான் பார்க்கவில்லை. உஸ்கானிடமிருந்து எடுத்துக்கொண்டேன். பின்னால் வருகிறவன் காலுக்கு ஏதாவது ஒரு படி. மலைக்கே போட வேண்டாம், தெருமுனையில் தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு கல் போட்டாலும் சரி.

பி.கு.: பரங்கிமலைக்கு இப்போது கார் போக ரோடு இருக்கிறது. முழங்கால் ஒத்துழைத்தால் படி வழியாகப் போங்க. ஏறும்போது மூச்சு வாங்க நிற்கிற இடத்தில் அந்த ஆர்மீனியரை ஒரு தடவை நினைச்சுக்கங்க. உங்கள் பக்கத்திலும் இப்படி யாராவது படியோ பாலமோ சுமைதாங்கியோ வைத்துவிட்டுப் போயிருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன்.